புலிக்குளமும் காங்கேயமும் வேறு வேறு இனம் என்றால், இரண்டையும் சேர்க்கலாமா?

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் புலிக்குளம் பசு ஒன்று நிற்கிறது. பருவத்துக்கு வந்த நேரத்தில் ஊரில் புலிக்குளம் பொலிகாளை இல்லை. பக்கத்துத் தெருவில் காங்கேயம் காளை இருக்கிறது. "ரெண்டும் வேற வேற இனம்ப்பா, சேர்த்தா பிறக்குற கன்னு கோவேறு கழுதை மாதிரி மலடாப் போயிரும்" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் தடுத்துவிட்டாராம். கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மகளோ, "சேர்ந்து குட்டி போட்டுச்சுன்னா எல்லாம் ஒரே இனம்தாம்ப்பா" என்கிறாளாம். இதில் யார் சொல்வது சரி? அப்படியானால் ஜெர்சி கிராஸ் என்ன கணக்கு, மலையில் நிற்கும் காட்டெருமை என்ன கணக்கு என்றும் கேட்கிறார்.

முதலில் அவசரமான பதில்: கன்று மலடாகாது. மகள் சொல்வது அந்த அளவில் சரி. ஆனால் பெரியவரின் தயக்கத்தை ஒதுக்கித் தள்ளவும் மாட்டேன். பிறக்கும் கன்று நன்றாக வளரும், சினை பிடிக்கும், பால் கொடுக்கும், ஆனால் அது புலிக்குளம் ஆகாது. கேள்வி ஒரு பசுவைப் பற்றியது போலத் தெரிந்தாலும், இயற்கை பிரித்து வைத்தது எது, மனிதர் பிரித்து வைத்தது எது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது. இரண்டையும் நாம் 'இனம்' என்றே சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பாடப்புத்தகம் இயற்கை பிரித்ததைச் 'சிற்றினம்' என்கிறது. நானும் இங்கே அதற்குச் சிற்றினம் என்றும், காங்கேயம், புலிக்குளம் போன்றவற்றுக்கு 'இனம்' என்றும் மட்டும் எழுதுகிறேன். மதுரை, சிவகங்கைக் கிராமங்களில் கால்நடை மருத்துவராகப் பல வருடம் சுற்றியவன் என்பதால் உதாரணங்களும் இந்தப் பக்கத்தவைதான்.

சிற்றினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை விலங்குகளுக்கு முழுமையாகக் கொண்டுவந்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த லின்னேயஸ். 1758இல் வந்த அவருடைய நூல்தான் இன்றும் விலங்குப் பெயர்களுக்குத் தொடக்கப் புள்ளி. அவர் பெரும்பாலும் உருவத்தைப் பார்த்துப் பிரித்தார். இன்று கல்லூரியில் சொல்லித் தரும் வரையறையை 1942இல் வகுத்தவர் எர்ன்ஸ்ட் மயர் என்ற உயிரியலாளர்: இயற்கையில் தங்களுக்குள் கூடி இனப்பெருக்கம் செய்யக்கூடிய, மற்றக் கூட்டங்களிடமிருந்து அந்த வகையில் விலகி நிற்கும் உயிர்க் கூட்டம்தான் ஒரு சிற்றினம். 'இயற்கையில்' என்ற சொல்லை மகள் விட்டுவிடக் கூடாது. கூண்டில் அடைத்து, வேறு துணையே இல்லாமல் செய்து, சிங்கத்தையும் புலியையும் சேர்த்துக் குட்டி வாங்கியிருக்கிறார்கள். அதனால் சிங்கமும் புலியும் ஒன்றாகிவிடாது.

இந்த வரையறைக்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் ஆடு. வெள்ளாட்டையும் செம்மறியையும் ஒரே பட்டியில் அடைக்கிறோம், இரண்டையும் ஆடு என்கிறோம். ஆனால் அவை சிற்றினத்தில் மட்டுமல்ல, அதற்கு மேலே உள்ள பேரினத்திலேயே வேறு. வெள்ளாடு கேப்ரா, செம்மறி ஓவிஸ். வெள்ளாட்டுக்கு 60 குரோமோசோம், செம்மறிக்கு 54. கிடா மாறி ஏறுவதை மந்தையில் பார்க்கலாம். கரு தங்குவதே அபூர்வம், தங்கினாலும் பெரும்பாலும் நிறைமாதம் வரை நிற்காது. ஒரே பட்டியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் இரண்டும் கலக்கவில்லை. இது இயற்கை போட்ட சுவர்.

பெரியவர் சொன்ன கோவேறு கழுதை இந்தச் சுவரில் பாதி ஏறி நின்ற விலங்கு. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு இரண்டுக்கும் நடுவில் 63. விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து பிரிய வேண்டும். இங்கே ஜோடி சரியாக அமைவதில்லை, அதனால்தான் மலடு. புலிக்குளத்துக்கும் காங்கேயத்துக்கும் உம்பளச்சேரிக்கும் பர்கூருக்கும் ஜெர்சிக்கும் எல்லாவற்றுக்கும் 60. அதனால் அந்தப் பயம் இங்கே பொருந்தாது.

ஆனால் எண்ணிக்கை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். இந்த இடத்தில் மாணவர்கள் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். மாட்டுக்கும் 60, வெள்ளாட்டுக்கும் 60, அவை சேருமா? இமயமலைப் பக்கம் யாக் என்ற சடைமாட்டையும் சாதாரண மாட்டையும் சேர்த்து 'ஸோ' என்ற கலப்பு விலங்கை வளர்க்கிறார்கள். இரண்டுக்கும் 60தான், ஆனாலும் பிறக்கும் கிடேரி சினை பிடிக்கும், காளை மலடு. சிற்றினம் தாண்டிய கலப்பில் மலட்டுத்தன்மை இரண்டில் ஒரு பாலில் மட்டும் வருமானால், அது பெரும்பாலும் ஜோடி மாறிய (எக்ஸும் ஒய்யும் போல) பாலியல் குரோமோசோம் உள்ள பாலில்தான் வரும், பாலூட்டிகளில் அது ஆண் என்று 1922இல் பிரிட்டிஷ் மரபியலாளர் ஹால்டேன் எழுதினார். பின்னாளில் இந்தியாவுக்கே வந்து குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த அதே ஹால்டேன்தான். எண்ணிக்கை வேறாக இருந்தும் சேர்வதும் உண்டு. முர்ரா போன்ற ஆற்றெருமைக்கு 50, தென்கிழக்கு ஆசியாவின் சதுப்பெருமைக்கு 48. இரண்டும் சேர்ந்தால் 49 உள்ள கன்று பிறக்கும், அது மலடு அல்ல. ஆக எண்ணிக்கை ஒரு தடயம், அதுவே தீர்ப்பு அல்ல.

எருமை என்றதும் உங்கள் காட்டெருமைக் கேள்விக்கு வந்துவிடலாம். கொடைக்கானலில் சாலையோரம் நிற்பதும், மேகமலைப் பக்கம் தோட்டங்களில் இறங்குவதும் எருமை அல்ல. மாட்டின் பேரினமான போஸ் வரிசையில் வரும் தனிச் சிற்றினம், போஸ் கௌரஸ். எருமை பூபாலஸ் என்ற வேறு பேரினம். கறுத்த உடம்பைப் பார்த்து எருமை என்றுவிட்டோம். காட்டுமாடு என்று சொல்பவர்கள்தான் சரியாகச் சொல்கிறார்கள். நம் காட்டுமாட்டுக்கு 58 குரோமோசோம். நாட்டு மாட்டுக்கு எருமையைவிட நெருங்கிய உறவு, ஆனாலும் வேறு சிற்றினம். எருமையும் மாடும் ஒரே தொழுவத்தில் நின்றாலும் கன்று வராது.

சரி, இப்போது இனம். இதில் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் கால்நடை வளர்ப்பவர்களுக்கு வேண்டியது இதுதான். இனம் என்பது ஒரே சிற்றினத்துக்குள், மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, வெளிக்காளை ஏறாமல் காத்து, ஒரு வட்டாரத்தின் மண்ணுக்கும் வேலைக்கும் ஏற்றபடி நிலைநிறுத்திய கூட்டம். அதன் குணம் அடுத்த தலைமுறைக்கும் அப்படியே இறங்க வேண்டும், அதுதான் சோதனை. ஒரு மாடு பார்க்க அழகாக, ஒரு மாதிரியாக இருப்பதால் இனம் ஆகிவிடாது. அந்த மாதிரியை அதன் கன்றுகளும் பேரக்கன்றுகளும் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும்.

புலிக்குளத்தையே பாருங்கள். பெயர் சிவகங்கை மாவட்டத்துக் கிராமத்தின் பெயர். பாளிங்கு மாடு, மணி மாடு, கிழக்கத்தி மாடு என்றும் சொல்வார்கள். தொழுவத்தில் கட்டிப் போட்டு வளர்த்த மாடு அல்ல, கிடை மாடு. அறுப்பு முடிந்த வயல்களில் இரவு கிடை போட்டு, சாணமும் மூத்திரமும் வயலுக்கு உரமாகி, அதற்கான கூலியில் மாட்டுக்காரர் குடும்பம் பிழைத்தது. பகலெல்லாம் நடந்து மேய வேண்டும், கிடைத்ததைத் தின்ன வேண்டும், வெயிலைத் தாங்க வேண்டும். தாங்காதது கழிந்தது, தாங்கியது பெருகியது. பால் கொஞ்சம்தான், அதை யாரும் பெரிதாக எதிர்பார்க்கவும் இல்லை. காளைக்கன்றுகளில் துடியானவை ஜல்லிக்கட்டுக்குப் போயின. கட்டுக்கோப்பான உடல், ஓங்கிய திமில், கருஞ்சாம்பல் காளை, வெள்ளை அல்லது சாம்பல் பசு, பின்னோக்கிச் சாய்ந்து மேலே வளையும் கொம்பு. இவ்வளவும் அந்த வாழ்க்கை செய்த வேலை.

காங்கேயம் வேறு கதை. கொங்கு நாட்டில் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் மேய்ந்து, ஏருக்கும் வண்டிக்கும் என்று பார்த்துப் பார்த்து வளர்த்த மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. கன்று செவலையாகப் பிறந்து, சில மாதங்களில் சாம்பலுக்கு மாறும். உம்பளச்சேரியோ டெல்டாவின் சேற்று வயலுக்கு உண்டானது, நெற்றியில் வெள்ளைச் சுட்டியும் காலில் வெள்ளையும் அதன் அடையாளம். மூன்றும் ஒரே சிற்றினம்தான், ஆனால் மூன்று நிலங்களின் மூன்று தேவைகள்.

ஆட்டிலும் இப்படித்தான். வாடிப்பட்டிப் பக்கத்துக் கச்சைகட்டியின் கறுப்புச் செம்மறி கிடாமுட்டுக்குப் பேர் போனது. வேம்பூர் ஆடு வெள்ளை உடம்பில் செம்புள்ளியோடு நிற்கும். இரண்டும் ஒரே செம்மறிச் சிற்றினத்தின் இரண்டு இனங்கள். வெள்ளாட்டில் கன்னி ஆடும் கொடி ஆடும் அதே மாதிரி. கொடி ஆட்டுக்குள்ளேயே வெள்ளையில் கறுப்புத் தெறித்தது கரும்போரை, சிவப்புத் தெறித்தது செம்போரை. இவை தனி இனம் அல்ல, ஓர் இனத்துக்குள் உள்ள நிற வகை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களும் இந்தக் கணக்குதான். மூன்றும் நாய் என்ற ஒரே சிற்றினம்.

எது இனம், எது இல்லை என்று அரசு அளவில் பதிவு செய்வது ஹரியானாவின் கர்னாலில் உள்ள, 1984இல் தொடங்கப்பட்ட தேசிய விலங்கு மரபியல் வள நிறுவனம். புலிக்குளமும் கச்சைகட்டிக் கறுப்பும் அங்கே பதிவானவை. 'நாட்டு மாடு' என்பது இனப் பெயர் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2019 கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 19 கோடி மாடுகள், அதில் சுமார் 14 கோடி நாட்டு மாடுகள். அவற்றில் மிகப் பெரும் பங்கு எந்த இனத்துக்கும் அடங்காதவை. திமில் இருக்கிறது, நாட்டு மாடுதான், ஆனால் புலிக்குளமும் இல்லை, காங்கேயமும் இல்லை. அதில் குறை ஒன்றும் இல்லை. இனப் பெயர் சொல்லி விலை கூட்டி விற்கும்போதுதான் பிரச்சினை.

உங்கள் பசுவைக் காங்கேயத்துக்குச் சேர்த்தால் பிறப்பது பாதிப் புலிக்குளம். அந்தக் கிடேரியைத் திரும்பப் புலிக்குளம் காளைக்கே சேர்த்தால் அதன் கன்று 75 சதவீதம், அடுத்தது 87.5, அதற்கு அடுத்தது 93.75. ஆக, ஒரு முறை கலந்ததால் எல்லாம் போய்விடாது, ஆனால் திரும்பி வர மாட்டின் ஆயுளில் பல ஈற்றுக் காலம் ஆகும். அதற்குள் ஊரில் நல்ல பொலிகாளை இருக்க வேண்டும். ஒரு வீட்டில் நடந்தால் பாதகமில்லை. ஊரே அப்படிச் செய்தால் நாலைந்து தலைமுறையில் புலிக்குளம் என்று பிரித்துச் சொல்ல மாடு இருக்காது. மாடுகள் எண்ணிக்கையில் குறைந்திருக்காது, தொழுவம் நிறைந்தே இருக்கும், இனம் மட்டும் கரைந்திருக்கும். அந்தப் பெரியவர் உள்ளுக்குள் பயந்தது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன், காரணத்தை மட்டும் கோவேறு கழுதையிடம் கடன் வாங்கிவிட்டார்.

அதற்காக உட்கலப்பு ஒன்றே வழி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரில் ஒரே ஒரு புலிக்குளம் காளை இருந்து, அதையே தாய்க்கும் மகளுக்கும் பேத்திக்கும் சேர்த்துக்கொண்டே போனால் கன்றுகள் நோஞ்சானாகும், சினை பிடிப்பது குறையும். கோயில் மாடு ஒன்றையே நம்பியிருக்கும் ஊர்களில் சில வருடத்துக்கு ஒரு முறை வேறு கிடையிலிருந்து காளை மாற்றுவது இதற்காகத்தான்.

பார்த்த மாத்திரத்தில் இனத்தைச் சொல்லிவிட முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். அசலான மந்தையின் நடுவில் நிற்கும் மாட்டைச் சொல்லலாம். தனியாகச் சந்தையில் நிற்கும் மாட்டை, முக்கால் பங்கு வரை திருப்பிய கலப்பை, கண்ணால் மட்டும் உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது, என் சக மருத்துவர்கள் யாராலும் முடியும் என்றும் நான் நம்பவில்லை. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ஜல்லிக்கட்டில் நாட்டு இனக் காளைகளை மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்று சொன்ன பிறகு, இந்தக் கேள்வி வாடிவாசல் வரை வந்துவிட்டது. திமில் தெளிவான அடையாளம்தான், ஆனால் நாட்டு ரத்தம் கூடக் கூடத் திமில் திரும்ப எழும்பிவிடும். ஆய்வுக்கூடத்தில் பார்த்தால் ஓரளவு பிடிபடும். ஜெர்சி போன்ற மாடுகளின் ஒய் குரோமோசோம் வடிவத்திலேயே நம் மாட்டிலிருந்து வேறு, அதனால் தந்தை வழியில் வெளிக்காளை இருந்தால் காளையிடம் தெரிந்துவிடும். தாய் வழியில் வந்திருந்தால் இந்தச் சோதனை காட்டாது. புலிக்குளமா காங்கேயமா என்ற கேள்விக்கு டி.என்.ஏ. தருவது நிகழ்தகவுதான், ஆம் இல்லை என்ற பதில் அல்ல. மானாமதுரைப் பக்கத்துக் கிடைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னது இதைவிடப் பயன்பட்டது: "டாக்டரய்யா, கொம்பப் பாத்துட்டுப் போயிராதீங்க. ஆத்தா யாரு, அதுக்கு ஏறுன காளை யாருன்னு கேளுங்க."

இனி ஜெர்சி. நிச்சயமான பகுதியும் விவாதத்தில் உள்ள பகுதியும் இதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நிச்சயம் இது: நம் திமில் மாடும் ஐரோப்பாவின் திமில் இல்லாத மாடும் தனித்தனியாகப் பழக்கப்பட்டவை. இது சிந்துவெளிப் பகுதியில், அது மேற்கு ஆசியாவில். இரண்டின் மூதாதையும் ஆரக்ஸ் என்ற காட்டு மாட்டின் வெவ்வேறு கூட்டங்கள், அவை பழக்கப்படுவதற்கு மிக முன்பே பிரிந்தவை. ஆரக்ஸில் கடைசியானது 1627இல் போலந்தில் செத்தது. விவாதம் இது: நம் மாட்டைப் போஸ் இண்டிகஸ் என்று தனிச் சிற்றினமாக எழுதுவதா, போஸ் டாரஸ் என்பதற்குள் துணைச் சிற்றினமாக எழுதுவதா? லின்னேயஸ் இரண்டாகத்தான் பெயரிட்டார். கலப்பு முழு வளமாக இருப்பதால் ஒன்றுதான் என்பவர்கள் இருக்கிறார்கள். பிரிந்த காலம் அவ்வளவு நீளம் என்பதால் இரண்டுதான் என்பவர்களும் இருக்கிறார்கள். என் சாய்வு முதல் பக்கம், ஆனால் அது முடிந்துபோன வழக்கு அல்ல. மகளின் பாடப்புத்தகத்தில் ஒன்றும் வேறொரு நூலில் இன்னொன்றும் இருந்தால் எதுவும் அச்சுப்பிழை இல்லை.

எந்தப் பெயர் வைத்தாலும் ஜெர்சி கிராஸ் கிடேரி சினை ஊசிக்குச் சினை பிடிக்கும், காளையும் வளமானதுதான். தமிழ்நாட்டில் இன்று கலப்பினம்தான் பெரும்பான்மை. கலப்பிலிருந்து புதுக் கால்நடைக் கூட்டமே நிலைபெறுவதும் உண்டு. போடி மலையைத் தாண்டினால் மூணாறு மாட்டுப்பட்டி. அங்கே 1963இல் தொடங்கிய இந்தோ-சுவிஸ் திட்டத்தில், கேரளத்து மாடுகளோடு பிரௌன் சுவிஸ் காளைகளைச் சேர்க்கத் தொடங்கி, பின்னர் ஜெர்சியும் ஹோல்ஸ்டீனும் சேர்ந்து, சுனந்தினி என்ற மாடு உருவானது.

துணைச் சிற்றினம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இனத்தை மனிதர் செய்கிறார், துணைச் சிற்றினத்தை நிலப்பரப்பு செய்கிறது. நம் யானையும் இலங்கை யானையும் ஒரே சிற்றினத்தின் இரண்டு துணைச் சிற்றினங்கள், இடையில் கடல். நிற வேறுபாடு இது எதுவும் அல்ல. வெள்ளை மயிலும் கருஞ்சிறுத்தையும் அதே மயில், அதே சிறுத்தை, ஒரு மரபணு மாறியதால் நிறம் மாறியவை.

சுவர் என்று சொன்னேனே, அதிலும் ஓட்டை உண்டு. வீட்டுக் கோழியின் முதன்மை மூதாதை செங்காட்டுக்கோழி. சிறுமலையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கூவுவது சாம்பல் காட்டுக்கோழி, தனிச் சிற்றினம். ஆனால் வீட்டுக் கோழியில் பலவற்றின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் காட்டினார்கள். எப்போதோ எங்கேயோ இரண்டும் கலந்திருக்கின்றன. அதனால் மயரின் வரையறையைப் பயன்படுத்துங்கள், ஆனால் அதை வைத்து எல்லா வழக்கையும் தீர்க்கப் பார்க்காதீர்கள்.

உங்கள் பசுவுக்கு என்ன செய்வது? சினைப்பருவம் சுமார் 21 நாளுக்கு ஒரு முறை திரும்பும். பாலுக்காகவோ அவசரத்துக்காகவோ இல்லை என்றால் இந்த முறை விட்டுவிட்டு, அதற்குள் கிடைக்காரர்களிடம் விசாரித்துப் புலிக்குளம் காளை தேடுங்கள், அரசு கால்நடை மருந்தகத்தில் புலிக்குளம் உறைவிந்து கிடைக்குமா என்றும் கேளுங்கள். கிடைக்கவில்லை, காங்கேயத்துக்குத்தான் சேர்க்க வேண்டும் என்றால் தாராளமாகச் சேருங்கள், கன்றுக்கு ஒரு கெடுதலும் வராது. ஆனால் அந்தக் கன்றைப் புலிக்குளம் என்று சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள். காதில் போடும் 12 இலக்கத் தோடு மாட்டின் அடையாள எண்தான், இனச் சான்று அல்ல. ஒரு நோட்டில் அந்த எண், சேர்த்த தேதி, ஏறிய காளை யாருடையது, அதன் தாய் எந்தக் கிடை என்று எழுதி வையுங்கள். மகளிடமே அந்த நோட்டைக் கொடுங்கள்.